இந்தியா சென்று மீண்ட மது
(மதீராத் தீவில் ஒரு குடும்பப் பண்டகசாலை)

உலகப் படத்தை மேசைமீது விரித்து, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையினின்று மேற்கே விரலை நகர்த்துங்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, எள்ளளவாக ஒரு புள்ளி தென்படும். அதுவே மதீராத் தீவு. போர்த்துகல் நாட்டுக்கு உரியது. 1976 முதல் தன்னாட்சி பெற்ற பகுதி. லிஸ்பன் நகரினின்று ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தென்மேற்கே உள்ளது. தீவின் நீளம் 57 கிலோமீட்டர். மிகுந்த அகலம் 22 கிலோமீட்டர். நம் ஜம்மு நகரம் எந்த அட்சரேகையில் அமைந்துள்ளதோ ஏறத்தாழ அதே அட்சரேகையில்தான் இத்தீவின் தலைநகராகிய புன்ஷாலும் அமைந்துள்ளது. ஆயினும் சூழ்ந்து நிற்கும் கடலின் அருளால் அங்குக் கடுங்குளிரும் இல்லை, கடுங்கோடையும் இல்லை.

இத்தீவின் பெயரை உலகறியச் செய்தது அங்கு விளையும் மதுவாகும். ‘மது’ என்னும் சொல்லைக் கண்டதும் நேயர்களுள் சிலர் ஏட்டை மூடிவிட எண்ணலாம். குடியின் பெருமையைப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதனை எழுதுபவனும் அப்பழக்கம் உடையவன் அல்லன். எனினும் அந்த மதுவின் வரலாற்றில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. நம் சென்னைக் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. அன்றியும், பாட்டன் வைத்ததைப் பேரன் எடுத்து விற்கும் ஒரு தொழிலை ஒரு குடும்பம் இருநூறு ஆண்டுகட்கு மேலாக எங்ஙனம் காத்து வருகிறது என்பது, ஊர்விட்டு ஊர் வந்து குடியமர்ந்த நம் போன்ற குடும்பங்கள் அறிந்து கொள்ளத் தக்கதே.

‘மதீரா’ என்றால் போர்த்துகீசிய மொழியில் மரம் என்பது பொருள். 1419-ஆம் ஆண்டில் போர்த்துகீசிய மாலுமிகள் இங்குக் கால் வைத்தபோது மலையுச்சி முதல் கடலோரம் வரை அடர்ந்த காடாகவே இருந்தமையால் இப்பெயரிட்டனர். மனிதர் எவரும் அப்போது அங்கு வாழ்ந்திலர். வந்தவர்கள் காட்டை வெட்டியும் எரித்தும் நிலம் கண்டனர். முதலில் கரும்பு பயிரிட்டு ஐரோப்பாவுக்கெல்லாம் சர்க்கரை அனுப்பினர். அக்கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவினின்று கொணர்ந்த அடிமைகளின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை மறைத்தற்கில்லை. பின்னர்ப் பிரேசிலில் சர்க்கரை மலிவாகவே, தீவினர் திராட்சையை நம்பலாயினர்.

தீவை நெருங்கும் விமானத்தினின்று காணும் காட்சியே இவர்களது உழைப்புக்குச் சான்று. சமநிலம் என்று சொல்லத் தக்கது அங்கு அரிது. எரிமலையால் எழுந்த தீவாதலின் மலைச்சரிவு நேரே கடலுக்குள் இறங்குகின்றது. 1964-இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் ஓடுபாதைக்கும் இடம் போதாமல், 2000-ஆம் ஆண்டில் கடலோரத்தில் பெருந்தூண்களை நிறுத்தி அவற்றின்மேல் அதனை நீட்டியுள்ளனர் என்றால் நிலத்தின் அருமையை ஊகித்துக் கொள்ளலாம். அந்தச் செங்குத்துச் சரிவுகளில் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, மண் சுமந்து கொட்டி, படிப்படியாகக் கழனி கட்டியிருக்கின்றனர். மழை மிகுந்த வடபுறத்து மலைகளினின்று வறண்ட தென்புறத்துக்கு நீர் கொணரும் கால்வாய்களுக்கு ‘லெவாதா’ என்று பெயர். ஓர் ஆள் நடக்கும் அகலமேயுள்ள கரையுடன், மலைவிளிம்பில் வளைந்து வளைந்து செல்லும் இக்கால்வாய்களின் மொத்த நீளம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நம் கொடைக்கானல் மலைச்சரிவுகளில் படிவயல்களைக் கண்டோர்க்கு இக்காட்சி முற்றிலும் புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே படிகளின் அடிவாரத்தில் ஊர் இருக்கும். இங்கே கடல் இருக்கிறது.

திராட்சைக் கொடிகளைத் தாழ்ந்த பந்தலிட்டுப் படரவிடுகின்றனர். அறுவடையெல்லாம் கையால்தான், இயந்திரம் நுழைய வழியில்லை. முற்காலத்தில் மலையிலேயே பழத்தை மிதித்துச் சாறெடுத்து, ஆட்டுத்தோல் பைகளில் நிரப்பி, ஆடவர்கள் தோளிற் சுமந்து வரிசையாகப் புன்ஷால் நகருக்கு இறங்குவராம்.

இனி, இந்தியத் தொடர்புக்கு வருவோம். ஐரோப்பாவினின்று நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழ்நாடு வந்த கப்பல்கள் பலவற்றுக்கு மதீரா ஓர் இளைப்பாறும் துறை. குடிநீரும் உணவும் ஏற்றுவதோடு மதுப் பீப்பாய்களையும் ஏற்றிக் கொள்வர். இலேசான திராட்சை மது நீண்ட கடற்பயணத்தில் புளித்துக் கெட்டுவிடும். ஆதலின் அதில் சிறிது சாராயம் சேர்த்து வலுவூட்டும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவிற்று. இங்ஙனம் வலுவூட்டப்பட்ட பீப்பாய்கள் கப்பலின் அடித்தட்டில் கிடந்து, வெப்பத்தில் வெந்து, அலையில் ஆடி, நில நடுக்கோட்டை அட்லாண்டிக்கில் ஒருமுறையும் இந்தியப் பெருங்கடலில் ஒருமுறையும் கடந்து இந்தியக் கரையை அடைந்தன. சென்னையில் துறைமுகம் கட்டப்படாத அந்நாளில், சரக்கும் மனிதரும் கரை சேர்ந்தது அலைமேல் ஏறியிறங்கும் மசூலாப் படகுகளில்தான். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளையர் மேசைகளில் மதீரா பெருவழக்காக விளங்கிற்று.

இதில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. வெப்பத்தில் கெட்டுவிடும் என்று அஞ்சிய மது கெடவில்லை, முன்னினும் சிறந்தது! விலை போகாமல் திரும்பி வந்த பீப்பாய்களைச் சுவைத்தவர்கள், தீவிலேயே தங்கியிருந்த மதுவைக் காட்டிலும் கடல் சென்று மீண்டதே மேல் என்று கண்டனர். அதன்பின் மதுவை விற்பதற்காகவன்றி, பயணத்துக்காகவே கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பி, மீண்டும் வரவழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. போக ஏறக்குறைய ஆறு மாதம். வர ஆறு மாதம். நில நடுக்கோட்டை நான்கு முறை கடந்தாக வேண்டும். இத்தகைய மதுவுக்குச் ‘சுற்றுப் பயண மது’ என்னும் பொருள்படத் தனிப்பெயரே வழங்கிற்று. ‘கிழக்கிந்திய மதீரா’ என்ற பெயருக்கு இலண்டனில் தனி மதிப்பும் இருந்தது.

மதுவும் கப்பலும் தமிழர்க்குப் புதியனவல்ல. யவனர் கப்பலில் கொணர்ந்த தேறலைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இன்னும் ஒன்று. மதீராவில் மதுவை அளக்கும் பெரிய மரக்கலத்துக்குப் ‘பீப்பா’ என்று பெயர். நானூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். நாம் அன்றாடம் வழங்கும் ‘பீப்பாய்’ என்னும் சொல் அந்தப் போர்த்துகீசியச் சொல்லே. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவற்றோடு அதே கப்பல்களில் வந்திறங்கித் தமிழ்க் குடியுரிமை பெற்றுவிட்ட சொல் அது. மது மீண்டும் தன் ஊர் சென்றது; சொல் நம்மிடமே தங்கிவிட்டது.

ஒவ்வொரு பீப்பாயையும் இந்தியாவுக்கு அனுப்பி வரவழைத்தல் பெருஞ்செலவு அன்றோ? ஆகவே கப்பலின் வெப்பத்தைக் கரையிலேயே உண்டாக்க வழி தேடினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெந்நீராலோ வெப்பக் காற்றாலோ சூடேற்றும் அறைகளும் தொட்டிகளும் தோன்றின. இன்றும் எளிய வகைகளுக்கு இம்முறையே. சுமார் 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதமேனும் வைத்திருப்பர். உயர்ந்த வகைகளுக்கோ வேறு முறை. பீப்பாய்களை ஓட்டுக்கூரையின் கீழுள்ள மேல்மாடத்தில், மர உத்தரங்களின்மேல் கிடத்தி, ஞாயிற்றின் வெப்பத்துக்கே விட்டுவிடுவர். அந்த உத்தரத்தின் பெயரால் இம்முறை ‘கந்தேய்ரோ’ எனப்படும். இதனைப் புரிந்துகொள்ள நம் பெண்மணிகளுக்கு விளக்கம் தேவையில்லை. ஊறுகாய் ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி மொட்டைமாடி வெயிலில் வைத்தெடுத்த அனுபவம் எந்த வீட்டில் இல்லை? உப்பும் புளிப்பும் வெயிலும் காலமும் கூடிச் செய்யும் அதே வேலையைத்தான் அங்கே இனிப்பும் புளிப்பும் சாராயமும் வெயிலும் காலமும் கூடிச் செய்கின்றன.

செய்முறையையும் சுருங்கச் சொல்லிவிடலாம். பழச்சாறு நொதிக்கும்போது அதிலுள்ள சர்க்கரை சாராயமாக மாறுகிறது. நடுவில் திராட்சையினின்று வடித்த வலிய சாராயத்தை ஊற்றினால் நொதித்தல் நின்றுவிடும். எஞ்சிய சர்க்கரை அப்படியே தங்கும். முன்னதாக நிறுத்தினால் இனிப்பு மிகும். பிந்தி நிறுத்தினால் இனிப்பு குறையும். செர்சியல், வெர்தெல்யோ, போவால், மால்வசியா எனப் புகழ்பெற்ற நான்கு திராட்சை இனங்கள் இந்த வரிசையிலேயே இனிப்பில் ஏறிச் செல்லும். எரிமலை மண்ணில் விளைவதால் எல்லாவற்றிலும் புளிப்பு மிகுதி. அப்புளிப்பே முதுமையைத் தாங்கும் முதுகெலும்பு. வெப்பமும் காற்றும் ஒரு மதுவைக் கெடுக்கக் கூடியவை. இந்த மதுவோ அவ்விரண்டையும் இளமையிலேயே பட்டுத் தேறிவிட்டது. ஆகையால் பிற மதுக்கள் புட்டி திறந்த சில நாட்களில் கெட, இது மாதக்கணக்கில் குணம் மாறாதிருக்கிறது. நூறாண்டு கடந்த புட்டிகளும் இன்று நல்ல நிலையில் திறக்கப்படுகின்றன.

புன்ஷால் நகரின் நடுவே, மரநிழல் சூழ்ந்த பெருவீதியில், நகரப் பூங்காவை அடுத்துப் பிளாண்டி குடும்பத்தாரின் பழைய பண்டகசாலை உள்ளது. அவ்விடம் முன்னர்ப் பிரான்சிஸ்கன் துறவியரின் மடத்தைச் சார்ந்திருந்தது. இக்குடும்பத்தின் முதல்வராகிய ஜான் பிளாண்டி என்னும் ஆங்கிலேயர், நெப்போலியன் போர்க்காலத்தில் மதீரா வந்து, 1811-இல் வணிகம் தொடங்கினார். அவருக்குப்பின் அவர் மைந்தர் சார்லஸ் ரிட்பாத் பிளாண்டி தொழிலை ஏற்றார். 1840 முதல் இப்பண்டகசாலை அவர்கள் வசம் உள்ளது. இன்று தொழிலை நடத்துவோர் ஏழாம் தலைமுறையினர்.

கல் பாவிய முற்றத்தைக் கடந்து உள்ளே சென்றதும் முதலில் நம்மை எதிர்கொள்வது மணம். பழைய மரமும், காய்ந்த பழமும், பாகும் கலந்ததொரு மணம். மாடிப்படி ஏற ஏற வெப்பம் ஏறுகிறது. மேல்தளத்தில் இளைய மதுக்கள். வெப்பத்தின் கடுமையை அவையே தாங்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றைப் படிப்படியாகக் குளிர்ந்த கீழ்த்தளங்களுக்கு இறக்குவர். இளமையில் வெயிலும் முதுமையில் நிழலும் என்பது இவ்வீட்டின் விதி. சுண்ணாம்பு எழுத்தில் ஆண்டு குறித்த பீப்பாய்கள் வரிசை வரிசையாகக் கிடக்க, அவற்றினூடே நடந்து செல்பவர் தாமாகவே குரலைத் தாழ்த்திப் பேசுகின்றனர்.

மரத்தின் நுண்துளைகள் வழியே பீப்பாயினின்று ஆண்டுதோறும் நூற்றில் சில பங்கு ஆவியாகிப் போய்விடும். இதனை ‘தேவர்களின் பங்கு’ என்பர். ஓர் ஆண்டின் விளைச்சலை அவ்வாண்டின் பெயராலேயே ‘ஃபிராஸ்கேய்ரா’ என்னும் உயர்தரத்தில் விற்க வேண்டுமாயின், குறைந்தது இருபது ஆண்டுகள் அதனை மரப்பீப்பாயில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இருபது ஆண்டுகளும் பீப்பாயில் உள்ளது குறைந்துகொண்டே வரும். முடங்கிக் கிடக்கும் முதலின் வட்டி ஏறிக்கொண்டே வரும். நாற்பது வயதில் ஒருவர் பீப்பாயை மேல்மாடத்தில் ஏற்றுவாராயின், அது விலைக்கு வரும்போது அவருக்கு அறுபது. ஐம்பதாண்டு வைக்கக் கருதினால், அதன் பயனை அவர் காணமாட்டார் என்று அறிந்தே ஏற்றுகிறார். வணிகக் கணக்கில் இதற்கு விடையில்லை. குடும்பக் கணக்கில்தான் உண்டு.

இங்ஙனம் சேர்த்து வைத்தது ஒருமுறை அவர்களையே காத்தது. 1850-களின் தொடக்கத்தில் சாம்பல் நோய் என்னும் பூஞ்சை தீவின் கொடிகளைத் தாக்கி, விளைச்சலைப் பாழாக்கிற்று. வணிகர் பலர் தொழிலை மூடித் தீவையே விட்டகன்றனர். அச்சமயத்தில் சார்லஸ் ரிட்பாத் பிளாண்டி, பிறர் கைவிட்ட பழைய மதுக்களைப் பெருமளவில் வாங்கிச் சேர்த்தார். புதிய மது இல்லாத ஆண்டுகளில் பழைய மதுவே வீட்டைத் தாங்கிற்று. இருபதாண்டுகள் கழித்து 1872-இல் வேரை அரிக்கும் பைலாக்சிரா என்னும் பூச்சி வந்து, மீண்டெழுந்த கொடிகளை மறுபடியும் அழித்தது. அவ்வழிவினின்றும் குடும்பம் தப்பிப் பிழைத்தது.

இரண்டாம் துன்பம் வந்ததற்கு மறு ஆண்டில் இக்குடும்பத்துக்கு ஒரு விருந்தாளி வந்தார். பள்ளியில் விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள் வெப்ப அளவில் ‘கெல்வின்’ என்னும் பெயரை அறிவர். அப்பேரறிஞர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர், 1873-இல் பிரேசிலுக்குக் கடலடித் தந்திக் கம்பி கொண்டுசென்ற கப்பலில் இருந்தார். கம்பியில் பழுது நேரவே புன்ஷாலில் பதினாறு நாட்கள் தங்க நேர்ந்தது. அப்போது சார்லஸ் பிளாண்டியின் குடும்பத்தோடு நட்புப் பூண்டார். மறு ஆண்டில் தம் சொந்தப் படகில் மீண்டு வந்து, அவர் மகள் பிரான்சஸ் அன்னாவை மணந்தார். துறையை நெருங்கும்போதே படகினின்று சமிக்ஞை வாயிலாக மணம் கேட்டார் என்றும், கரையினின்று ‘ஆம்’ என்று விடை வந்தது என்றும் சொல்வர். வெப்பத்தை அளந்தவருக்கும், வெப்பத்தால் வாழும் வீட்டுக்கும் ஏற்பட்ட சம்பந்தம் பொருத்தமானதே!

இருபதாம் நூற்றாண்டு வேறு வகைச் சோதனையைக் கொணர்ந்தது. விற்பனை சுருங்கவே, 1913-இல் மது வணிகர் சிலர் ஒன்றுகூடி ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தனர். பிளாண்டி வீட்டாரும் 1920-களில் அதிற் சேர்ந்தனர். 1989-இல் அந்நிறுவனத்தின் ஆதிக்கப் பங்கு, போர்த்துகலின் போர்ட்டோ நகரைச் சார்ந்த சிமிங்டன் என்னும் மற்றொரு மது வணிகக் குடும்பத்திடம் சென்றது. முன்னோர் பெயர் புட்டியில் இருந்தது. முடிவு செய்யும் அதிகாரம் வீட்டில் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், நிறுவனம் தோன்றி இருநூறாம் ஆண்டில், பிளாண்டி குடும்பம் அவ்வதிகாரத்தை மீண்டும் பெற்றது. மேல்மாடத்திலிருந்த பீப்பாய்களுக்கு இம்மாற்றங்கள் தெரியா. அவை வெயில் காய்ந்துகொண்டே இருந்தன.

இத்தீவின் கதையில் மது ஒரு பாதி. மக்கள் வெளியேற்றம் மறுபாதி. படிக்கழனி ஒரு குடும்பத்தைக் காக்கும். அடுத்த தலைமுறையில் அது நான்காகப் பிரிந்தால் எவரையும் காவாது. ஆகவே மதீரா மக்கள் கப்பலேறினர். 1835-இல் தென்னமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றனர். மூன்றாண்டு கழித்து, 1838-இல், அதே தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளின் முதற்கப்பல் சென்றது. பின்னர்ச் சென்னை வழியாகத் தமிழரும் சென்றனர். மதுவால் தொடர்புற்ற இரு கரைகளின் ஏழைகள், மூன்றாவதொரு கரையில் ஒரே கரும்பை வெட்டினர். 1879-இல் ஹவாய்த் தீவு சென்ற மதீராத் தச்சர் சிலர், தம் ஊரின் நான்கு நரம்புச் சிறு வாத்தியத்தை அங்கே செய்து வாசிக்க, அதுவே உலகம் இன்று ‘உக்குலேலே’ என அறியும் இசைக்கருவியாயிற்று. வெனிசுவேலாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்று மதீரா வழிவந்தோர் மிகப் பலர் உள்ளனர்.

இன்று தீவின் மதுத் திராட்சை நிலம் முழுவதும் சேர்த்து ஐந்நூறு எக்டேருக்கும் குறைவே. அதுவும் சிறு சிறு துண்டுகளாகப் பல குடும்பங்களிடம் உள்ளது. கடலோரச் சரிவு வீடு கட்டுவதற்கு நல்ல விலை போகிறது. கொடி வளர்ப்போர் முதியோர். இளைஞர் சுற்றுலாத் தொழிலையோ வெளிநாட்டையோ நாடுகின்றனர். பழம் தருவாரின்றிப் பண்டகசாலை மட்டும் எத்தனை நாள் நிற்கும்? இருநூறு ஆண்டு நோயையும் பூச்சியையும் வென்ற தொழிலுக்கு முன் இன்று நிற்கும் கேள்வி இதுவே. பிளாண்டி வீட்டார் சொந்தமாகவும் கொடித்தோட்டங்கள் அமைத்து வருவது இக்கேள்விக்கு அவர்கள் தேடும் ஒரு விடை எனலாம்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் வீடுகளில் பண்டகசாலை இல்லை. ஆனால் உடனே பயன் தராதவற்றை வைத்துக் காக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு. தமிழ் எழுத்தை ஞாயிறுதோறும் பிள்ளைக்குக் கற்பிக்கும் தாய், அதன் விளைவை அவ்வாண்டே காண்பதில்லை. ‘இங்கே இது எதற்கு?’ என்று பிள்ளை கேட்கவும் கூடும். நூற்றில் சில பங்கு ஆண்டுதோறும் ஆவியாகப் போவதும் உண்மை. எனினும் எஞ்சுவது செறிவாக எஞ்சும் என்பதற்கு அந்தத் தீவின் மேல்மாடம் சான்று. தாய் மண்ணிலேயே இருந்திருந்தால் இத்தனை சுவை கூடியிராது என்று ஒரு மதுவைக் குறித்து உலகமே ஒப்புக்கொண்டது, கடலும் வெயிலும் அயற்கரையும் அதன் குணத்தைக் கெடுக்கவில்லை, தேற்றின. இனி எப்போதேனும் ‘பீப்பாய்’ என்னும் சொல்லை நம் நா உச்சரிக்கும்போது, நம் கரை வரை வந்து திரும்பிச் சென்ற அந்த மரக்கலங்களை ஒருகணம் நினைத்துக் கொள்வோமாக.